காய்ச்சலோடு வேலைக்கு வருவது ஊழியமா?



பணி ஓய்வு பெறும் ஊழியர்களுக்குப் பிரிவுபசாரக் கூட்டம் நடக்கும்போது தவறாமல் கேட்கும் பாராட்டு ஒன்று உண்டு. “இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட சிக் லீவு எடுக்காதவர். காய்ச்சல் அடித்தாலும் டியூட்டிக்கு வந்து நிற்பார்” என்று யாராவது சொல்லுவார்கள், கூடியிருப்பவர்கள் கைதட்டுவார்கள். மிஷன் மருத்துவமனைகளின் செய்தி மடல்களிலும் இதே பாராட்டு அச்சில் வந்திருக்கிறது. ஆதரவாளர்களாகிய நீங்களும் அதை வாசித்து மனம் நெகிழ்ந்து, இப்படிப்பட்ட ஊழியர்களுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம் என்று கடிதம் எழுதுகிறீர்கள். உங்கள் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் அந்தக் கைதட்டலைப் பற்றிச் சற்று யோசிக்கவேண்டியிருக்கிறது.

நோயாளிகளைக் கவனிக்கிற ஒருவர் தாமே நோயுற்றால், அவர் வேலைக்கு வரவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கலாமா? எதிர்பார்க்கக்கூடாது என்பதே என் எண்ணம். டாக்டருக்கும் நர்ஸுக்கும் மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. வார்டு பெருக்கும் அம்மா, சமையற்கட்டில் கஞ்சி காய்ச்சுகிறவர், ஓ.பி. சீட்டு எழுதுகிற தம்பி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஆகிய எல்லாருக்கும் இது பொருந்தும். ஆனால் “எதிர்பார்க்கக்கூடாது” என்று வாயால் சொல்லிவிடுவது எளிது. அதைச் செய்வதற்குப் பணம் வேண்டும், ஆட்கள் வேண்டும். அந்த இடத்தில்தான் காணிக்கை அனுப்புகிற உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

முதலில் மருத்துவ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல. இந்த வளாகத்தில் பல வருஷங்களாக நடந்து, கேட்டுத் தெரிந்துகொண்டதையே எழுதுகிறேன்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்துக் கவனிக்கும் அறையை நீங்கள் வந்தபோது கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பீர்கள். ஆர்.எஸ்.வி. என்று டாக்டர்கள் சொல்லுகிற ஒரு வைரஸ் உண்டு. அது நம்மைப் போன்ற பெரியவர்களைத் தொற்றினால் மூக்கு ஒழுகும், இரண்டு தும்மல் வரும், இஞ்சிக் கஷாயம் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அதே வைரஸ் இன்குபேட்டரில் இருக்கும் ஒன்றரைக் கிலோ குழந்தையின் நுரையீரலுக்குள் போனால் அந்தக் குழந்தை மூச்சுவிடத் திணறும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகும். “சும்மா ஜலதோஷம்தானே” என்று சொல்லி உள்ளே போகிற நல்ல மனசுக்காரரால் இது நேரிடலாம். அவருக்கு வந்த வியாதி சிறியதுதான். அது போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

இன்ஃபுளுயென்சா காய்ச்சல் உள்ளவர், காய்ச்சல் தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். அதன்பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்பக்கூடும். முந்தின நாளை நம்மால் தடுக்க முடியாது. பிந்தின நாட்களைத் தடுக்கலாம். இங்கே பலர் ஏமாந்துபோகும் ஒரு காரியம் உண்டு. காலையில் ஒரு குரோசின் மாத்திரை போட்டுக்கொண்டால் சூடு தணிகிறது, உடம்பு லேசாகிறது, “சரியாகிவிட்டது” என்று கிளம்பிவிடுகிறோம். பாரசிட்டமால் சூட்டைத்தான் தணிக்கிறது. உள்ளே இருக்கும் கிருமியை அது ஒன்றும் செய்வதில்லை. ஆகவேதான் மாத்திரை எதுவும் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்த பிறகே வேலைக்குத் திரும்பவேண்டும் என்பது மருத்துவமனைகளில் பொதுவான விதி. வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தவர், அது நின்று 48 மணி நேரம் கழித்தே வரவேண்டும். அம்மை போட்டவர் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை வரக்கூடாது. அம்மைக்கு வேப்பிலை கட்டி வீட்டோடு இருக்கச் செய்த நம் பாட்டிமார், வேறு காரணம் சொன்னாலும், இந்த ஒரு விஷயத்தில் சரியாகவே செய்தார்கள்.

காசநோயைப் பற்றி அதிகம் எழுதவேண்டாம்; நீங்கள் அறிந்ததே. மூன்று வார இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிற ஊழியர் தமக்கும் கேடு, வார்டுக்கும் கேடு. சரியான மருந்து தொடங்கினால் சில வாரங்களிலேயே பரவும் அபாயம் பெரிதும் குறைந்துவிடுகிறது. ஆனால் வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தால் அவர் ஏன் பரிசோதனைக்குப் போவார்?

சமையற்கட்டைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். விரலில் சீழ்க்கட்டி உள்ள ஒருவர் உணவைத் தொட்டால், அந்தக் கிருமி உணவிலே ஒரு விஷத்தை உண்டாக்கக்கூடும். பிறகு கொதிக்கவைத்தாலும் அந்த விஷம் அழிவதில்லை. டைபாய்டும் மஞ்சள் காமாலையும் இப்படிப் பரவுகிறவைதான்.

இது தொடர்பாக நியூயார்க்கில் நடந்த ஒரு பழைய சம்பவம் உண்டு. மேரி மலான் என்ற அயர்லாந்து தேசத்துப் பெண் பணக்காரர் வீடுகளில் சமையல் செய்துவந்தார். அவர் வேலைசெய்த வீடுகளில் டைபாய்டு வந்துகொண்டிருந்தது. அவரோ நல்ல ஆரோக்கியமாகத்தான் இருந்தார். ஆனால் கிருமி அவர் உடம்பில் தங்கியிருந்தது. 1907ஆம் ஆண்டு சுகாதார அதிகாரிகள் அவரைப் பிடித்து ஒரு தீவில் ஏறக்குறைய மூன்று ஆண்டு தனியே வைத்தார்கள். இனிச் சமையல் வேலை செய்வதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் 1910இல் விடுதலை செய்தார்கள். 1915இல் ஒரு பெண்கள் மருத்துவமனையில் 25 பேருக்கு டைபாய்டு கண்டது, இருவர் இறந்தார்கள். விசாரித்துப் பார்த்தால், வேறு பெயரில் அங்கே சமையல் செய்துகொண்டிருந்தவர் அதே மேரி. மறுபடியும் தீவுக்குக் கொண்டுபோனார்கள். 1938இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

இந்தச் சம்பவத்தைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் மேரியின் பிடிவாதத்தைத்தான் பேசுவார்கள். விடுதலையான பிறகு அவர் என்ன செய்தார் என்பதைப் பலர் சொல்லுவதில்லை. அவர் துணி வெளுக்கும் வேலைக்குப் போனார். சமையலில் கிடைத்த கூலி அதில் கிடைக்கவில்லை. “சமைக்காதே” என்று கையெழுத்து வாங்கத் தெரிந்தவர்கள், சமைக்காமல் அவர் எப்படிப் பிழைப்பார் என்பதற்குச் சரியான வழி செய்யவில்லை. மேரி செய்தது தவறுதான், உயிர்கள் போயின, மறுக்கவில்லை. ஆனால் ஒருவரை வேலைக்கு வராதே என்று சொல்லும்போது, அவருடைய சாப்பாட்டுக்கும் பொறுப்பு ஏற்கவேண்டும் என்பதை இந்தச் சம்பவத்தைப்போல் வேறெதுவும் எனக்கு உணர்த்தவில்லை.

நம் ஊழியர்கள் ஏன் உடம்பு முடியாமலும் வருகிறார்கள்? பல ஆண்டுகளுக்குமுன் வேறொரு மருத்துவமனையில் நான் பணிசெய்தபோது, ஒரு மழைக்காலக் காலையில் பிரசவ வார்டில் ஓர் ஆயா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை நெருப்பாய்ச் சுட்டது.

“வீட்டுக்குப் போங்கம்மா, நான் மேட்ரன் அம்மாகிட்ட சொல்றேன்” என்றேன்.

“வேண்டாங்க ஐயா. நேத்தே போயிருப்பேன். ஒரு நாள் கூலி பிடிச்சா ரேஷன் வாங்க முடியாது. அதோட நான் போயிட்டா அந்தப் பக்கம் செல்வி ஒருத்தியே ரெண்டு வார்டும் பார்க்கணும். அவளும் புள்ளத்தாச்சி” என்றார்.

அவர் சொன்ன இரண்டு காரணங்களிலும் எல்லாம் அடங்கிவிட்டது. ஒன்று, கூலி. மற்றது, கூட வேலை செய்கிறவள்மேல் உள்ள இரக்கம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது அர்ப்பணிப்பாகத் தோன்றும். அந்த அம்மாவின் மனதில் அர்ப்பணிப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று காலையில் அவரை அங்கே நிறுத்தியது வேறு வழியில்லாமை. நிர்வாகம் செய்யவேண்டிய ஏற்பாட்டை அந்த ஏழை அம்மாள் தன் உடம்பால் ஈடுகட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ்களிடத்திலும் இதே நிலைமைதான். “சிஸ்டர், இன்றைக்கு மட்டும் எப்படியாவது சமாளியுங்கள், ஆள் இல்லை” என்று போன் வந்தால், படித்த பெண்ணும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவாள். காய்ச்சலோடு நிற்பவள் பரப்புவது கிருமியை மட்டுமல்ல. தலை கனத்து, ஜலதோஷ மாத்திரையின் தூக்கக் கலக்கத்தோடு, இரவு மூன்று மணிக்கு மருந்தளவைக் கணக்குப் பார்த்து ஊசியில் ஏற்றுகிறாள். அந்த ஊசி போடப்படுகிறவர் உங்கள் வீட்டாராயிருந்தால் எப்படியிருக்கும்?

“ஆள் இல்லை” என்பதன் கணக்கைக் கொஞ்சம் பொறுமையோடு பாருங்கள். ஒரு வார்டில் எந்நேரமும் ஒரே ஒரு நர்ஸ் இருக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காலை, மாலை, இரவு என்று நாளைக்கு மூன்று டியூட்டி. ஆண்டுக்கு 365 நாளுக்கு 1,095 டியூட்டி. இதற்கு மூன்று பேர் போதும் என்றுதான் கேட்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் ஒரு நர்ஸுக்கு வாரத்துக்கு ஒரு ஓய்வுநாள், ஆக 52. பண்டிகை விடுமுறை ஒரு பத்து நாள், சாதாரண விடுப்பு, ஈட்டிய விடுப்பு, நோய் விடுப்பு ஒவ்வொன்றும் பன்னிரண்டு என்று கொண்டால் மொத்தம் 98 நாள். மீதி 267 நாள்தான் அவர் வேலை செய்யமுடியும். 1,095ஐ 267ஆல் வகுத்துப் பாருங்கள், நான்குக்குமேல் வரும். மூன்று பேரை மட்டும் வைத்துக்கொண்டு நடத்துகிற வார்டில், ஒருவர் படுத்தால் மற்ற இருவர் தலையில் அது விழுகிறது. அவர்களும் சோர்ந்து படுக்கிறார்கள். நோய் விடுப்பு புத்தகத்தில் எழுதியிருக்கும், ஆனால் எடுக்கமுடியாது. அந்த நாலாவது ஆளின் சம்பளம்தான் நோய் விடுப்பு என்பது. அது இல்லாமல் எந்த மேலாளர் எவ்வளவு அன்பாய்ப் பேசினாலும், எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும் பயனில்லை.

அரசாங்கச் சட்டங்கள் இந்த விஷயத்தில் சபைகளைவிட முன்னே போய்விட்டன என்று சொல்லவேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் 1883ஆம் ஆண்டிலேயே நோயுற்ற தொழிலாளிக்குக் கூலியில் ஒரு பகுதி கிடைக்கும்படி காப்பீட்டுச் சட்டம் வந்தது. நம் நாட்டில் 1948இல் இயற்றப்பட்ட சட்டத்தால் உருவாகி, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கட்டும் சந்தாவிலிருந்து அது நடக்கிறது. அதில் சேர்ந்தவர் நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு 70 வீதம் பெறலாம். காசநோய், தொழுநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 வீதம் வரை, இன்னும் அதிக நாட்களுக்கு உண்டு. நோய்க்கால உதவி பெற்றுக்கொண்டிருக்கும் தொழிலாளியை வேலையைவிட்டு நீக்கக்கூடாது என்றும் அந்தச் சட்டத்தில் எழுதினார்கள். திட்டத்தில் சேர்வதற்கான சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்களுக்கான 1947ஆம் ஆண்டுச் சட்டமும் கடையில் வேலைசெய்யும் பையனுக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு கொடுத்தது. இவை எல்லாருக்கும் எட்டுகின்றனவா என்றால், இல்லை. அன்றாடக் கூலிக்கு வருகிறவர், காண்டிராக்டர் மூலம் வந்து பதிவில் இல்லாதவர், இவர்கள் கைக்குப் பெரும்பாலும் எதுவும் வருவதில்லை. மருத்துவமனைகளில் பெருக்கித் துடைக்கும் வேலையும் துணி வெளுக்கும் வேலையும் பல இடங்களில் இப்படிப்பட்டவர்கள் கையில்தான் இருக்கின்றன. நோய்க்கிருமிக்கு மிக அருகில் நிற்கிறவருக்கு மிகக் குறைந்த பாதுகாப்பு. 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் அதை எல்லாரும் கண்ணாரக் கண்டோம். அப்போது சில மாதங்கள் மட்டும் இருமல் உள்ளவரை “தயவுசெய்து வராதீர்கள்” என்று கெஞ்சினோம்.

வேதம் இதைப்பற்றி என்ன சொல்லுகிறது என்று சிலர் கேட்பீர்கள். 1 சாமுவேல் 30ஆம் அதிகாரத்தை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். தாவீது சிக்லாகை இழந்து, மனைவி மக்களை மீட்க அமலேக்கியரைத் துரத்திப்போகிற இடம் அது. வழியிலே வயல்வெளியில் ஓர் எகிப்தியன் கிடக்கிறான். மூன்று பகலும் மூன்று இரவும் அவன் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. அவன் ஓர் அமலேக்கியனின் வேலைக்காரன். மூன்று நாளைக்குமுன் வியாதிப்பட்டான். அதனால் எஜமான் அவனைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். தாவீதின் ஆட்கள் அவனுக்கு அப்பமும் தண்ணீரும், அத்திப்பழ அடையும் திராட்ச வற்றலும் கொடுத்து அவனைப் பிழைக்கவைத்தார்கள். வேலைக்கு உதவாத வேலைக்காரனைப் பாதையில் விட்டுப்போவது அமலேக்கின் முறை.

அதே அதிகாரத்தில் இன்னொன்று இருக்கிறது. இதைப் பிரசங்கங்களில் அதிகம் கேட்டதில்லை. தாவீதோடு போன அறுநூறு பேரில் இருநூறு பேர் களைத்துப்போய், பேசோர் ஆற்றைக் கடக்கமுடியாமல் தங்கிவிட்டார்கள். நானூறு பேர் மட்டும் போய், யுத்தம்செய்து, எல்லாவற்றையும் மீட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்களில் சிலர், தங்கினவர்களுக்குக் கொள்ளையில் பங்கு கிடையாது, பெண்டு பிள்ளைகளை மட்டும் அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார்கள். தாவீது அதற்கு இணங்கவில்லை. யுத்தத்துக்குப் போனவனுக்கும் மூட்டைமுடிச்சண்டையில் இருந்தவனுக்கும் சமபங்கு என்று தீர்த்து, அதை இஸ்ரவேலில் கட்டளையாகவும் ஏற்படுத்தினான். ஆற்றங்கரையில் தங்கினவர்கள் சோம்பேறிகள் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. உடம்பு முடியவில்லை, அவ்வளவுதான். முடியாதவனுக்கும் கூலியில் பங்கு உண்டு என்ற சட்டம் ஜெர்மனிக்கு வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்குமுன் ஓர் ஆற்றங்கரையில் உண்டாயிருக்கிறது.

எப்பாப்பிரோதீத்துவை மறக்கமுடியாது. இதைப் பேசும்போது எதிர்ப்பக்கத்தார் சுட்டிக்காட்டுவதும் அவரைத்தான். பிலிப்பி சபையாருடைய காணிக்கையைச் சிறையிலிருந்த பவுலுக்குக் கொண்டுபோனவர் அவர். ஒருவகையில் உங்களுடைய பிரதிநிதி என்று சொல்லலாம். அங்கே வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமானார். கிறிஸ்துவின் கிரியைக்காகத் தம் பிராணனையும் பொருட்படுத்தவில்லை என்று பவுல் அவரை மெச்சுகிறார். உண்மைதான். ஆனால் மெச்சின பவுல் என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். தமக்கு உதவி தேவையாயிருந்தும் அவரை ஊருக்கே அனுப்பிவைத்தார். அவரைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொள்ளுங்கள், கனம்பண்ணுங்கள் என்று சபைக்கு எழுதியும் அனுப்பினார். “அனுப்பின வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டானே” என்று காணிக்கை கொடுத்த யாராவது முணுமுணுத்துவிடக் கூடாதே என்ற கவலை பவுலுக்கு இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. துரோப்பீமுவும் அப்படியே. அவர் வியாதியாயிருந்தபடியால் பவுல் அவரை மிலேத்துவிலே விட்டுவந்தார். கூட இழுத்துக்கொண்டு போகவில்லை.

“அப்படியானால் தந்தை தமியான்?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலோக்காயில் ஒதுக்கிவைக்கப்பட்ட தொழுநோயாளரிடம் 1873இல் போய், அந்த நோய் தமக்கும் வந்தபிறகும் அங்கேயே உழைத்து, 1889இல் இறந்தவர் அவர். அவர் வியாதியோடுதான் வேலை செய்தார். ஆனால் அவரைச் சுற்றியிருந்தவர்கள் ஏற்கெனவே அதே நோய் உள்ளவர்கள். அவர் நோய் அவர்களுக்குப் புதிதாக எந்தக் கேட்டையும் கொண்டுவரவில்லை. அதைவிட முக்கியம், அவர் தாமாகவே தங்கினார்; கூலி பிடித்தம் ஆகும் என்று யாரும் அவரைப் பயமுறுத்தவில்லை. ஒருவர் தம்மைத் தாமே கொடுப்பது ஒன்று. மற்றவர் அதைக் கணக்கில் எழுதிவைத்து வசூலிப்பது வேறு.

விதிவிலக்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிறிய ஊர் மருத்துவமனையில் மயக்கமருந்து கொடுக்கிறவர் ஒருவர்தான் இருப்பார். நடு இரவில் ரத்தப்போக்கோடு ஒரு கர்ப்பிணி வருகிறாள். அடுத்த மருத்துவமனை எண்பது கிலோமீட்டர். அந்த டாக்டர் ஜலதோஷத்தோடு இருந்தாலும் முகக்கவசம் கட்டிக்கொண்டு வரத்தான் வேண்டும், அவர் வருவார். அப்படி ஓர் இரவு வருவது வேறு. ஒவ்வொரு வாரமும் அப்படி வருகிறது என்றால், அதற்குப் பெயர் அவசரம் அல்ல, ஆள் பற்றாக்குறை. முதுகுவலி, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றோடு வேலை செய்கிறவர்களை நான் இங்கே பேசவில்லை. மருந்தோடு அவர்கள் நன்றாகவே வேலை செய்வார்கள். கொஞ்சம் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தால் போதும். வேலையை இழந்து வீட்டில் இருப்பதுதான் அவர்களில் பலருக்கு வியாதியைவிடப் பெரிய துக்கம்.

பொய்ச் சாக்குச் சொல்லி லீவு எடுப்பவர்கள் இருக்கிறார்களே என்றும் கேட்பீர்கள். இருக்கிறார்கள். கிரிக்கெட் நடக்கும் நாளில் வயிற்றுவலி கூடுதலாக வருவதை நானும் கவனித்திருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு மூன்று பேருக்காக, ஒரு நாள் வயிற்றுப்போக்குக்கும் மெடிக்கல் சர்ட்டிபிகேட் கொண்டுவா என்று எல்லாரையும் கேட்டால் என்ன ஆகும்? வயிற்றுப்போக்கு உள்ளவர் ஓ.பி. வரிசையில் இரண்டு மணி நேரம் மற்ற நோயாளிகளோடு உட்கார்ந்து, டாக்டரின் நேரத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு துண்டுக் காகிதம் வாங்கவேண்டும். அதைவிட வேலைக்கு வருவதே சுலபம் என்று வந்துவிடுவார். இரண்டு மூன்று நாள் வரை ஊழியரின் வார்த்தையை நம்பலாம். பொய் சொல்லுகிறவர் நெடுநாள் மறைந்திருக்கமாட்டார். கூட வேலை செய்கிறவர்களே அவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்பொழுது காணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கேன் இயந்திரத்துக்கு, கட்டிலுக்கு, புதிய கட்டிடத்துக்கு என்று கேட்டால் நம் ஜனங்கள் தாராளமாய்க் கொடுக்கிறார்கள். கல்வெட்டில் பெயர் வரும், போட்டோ எடுக்கலாம். ஒரு மாற்று நர்ஸின் ஆறு மாதச் சம்பளத்துக்கு என்று கேட்டால் தயங்குகிறார்கள். “அது நிர்வாகச் செலவு அல்லவா?” என்கிறார்கள். நிர்வாகச் செலவுதான். ஆனால் குறைமாதக் குழந்தைகள் அறையில் ஜலதோஷம் பிடித்த சிஸ்டர் வீட்டில் படுத்திருக்க, நல்ல சுகத்தோடு இன்னொரு சிஸ்டர் நிற்பது அந்தச் செலவினால்தான். அடுத்தமுறை எந்த மருத்துவமனைக்கு நீங்கள் காணிக்கை அனுப்பினாலும், இயந்திரத்தின் விலையைக் கேட்பதுபோலவே, “உங்கள் ஆயாமாருக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டா? அவர்கள் வராத நாளில் யார் பார்க்கிறார்கள்?” என்றும் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. கொடுக்கிறவர்கள் கேட்டால் நிர்வாகக் குழுக்கள் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நம்முடைய வீடுகளையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். பாத்திரம் துலக்க வருகிற அம்மா காய்ச்சல் என்று இரண்டு நாள் வராவிட்டால், மாத முடிவில் அந்த இரண்டு நாள் கூலியை நாம் கழிக்கிறோமா? கழிக்கிறோம் என்றால், மூன்றாம் முறை காய்ச்சல் வரும்போது அவர் சொல்லாமல் வந்து நம் சமையலறையில்தான் நிற்பார். சபைகளில் கோயில்பிள்ளைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் காய்ச்சல் வரலாம். போதகருக்கும் வரலாம், தொண்டை கட்டிக்கொண்டு வந்து திருவிருந்து கொடுத்தவரைப் பாராட்டுவதைவிட, அன்றைக்கு ஆராதனை நடத்த ஒரு மூப்பரை ஆயத்தப்படுத்தி வைப்பது நல்லது.

இந்த மழைக்காலத்தில் குழந்தைகள் வார்டில் மூச்சுத்திணறலோடு வருகிற பிள்ளைகள் எப்போதும்போல் அதிகமாயிருப்பார்கள். சிஸ்டர்மாருக்கும் அடுத்தடுத்துக் காய்ச்சல் வரும். டியூட்டி லிஸ்டில் மாற்று ஆட்களின் பெயர்கள் நிரம்பியிருக்கும்படி ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைச் சிற்றாலயப் போதகர்